தாரகேஸ்வர் வழக்கு, 1873: ஒரு கொலையும் அதைச் சுற்றி விற்ற படங்களும்

இந்த வழக்கை எடுத்துக்கொண்ட காரணம்

குற்ற வழக்குகளைப் படமாக அச்சிட்டு விற்ற வரலாறு என்றால் எல்லாரும் லண்டனைத்தான் சொல்வார்கள். தூக்கு மேடையைச் சுற்றி நின்ற கூட்டத்திலேயே, குற்றத்தின் கதையை அச்சிட்ட ஒற்றைத்தாள் விற்ற ஊர் அது. ஓவியர் ஹோகார்த் 1733இல் நியூகேட் சிறைக்கே போய், தூக்குக்குக் காத்திருந்த சேரா மால்கமைப் பார்த்து வரைந்தார்; அந்தப் படம் அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதெல்லாம் சரி. படங்கள் மக்களின் தீர்ப்பை எப்படி உருவாக்கின, எவ்வளவு தூரம் உருவாக்கின என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டம், தாரகேஸ்வர், 1873.

கொலை, இரண்டு வழக்குகள், ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புகள், மனு, விடுதலை எல்லாம் சுமார் இரண்டே ஆண்டில் நடந்து முடிந்தன. இதைப் பற்றிய படங்களும் அருங்காட்சியகங்களில் பத்திரமாக உள்ளன. நீதிமன்றம் சொன்னதையும் படம் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற வழக்குகள் குறைவு.

வழக்கில் சிக்கிய மூவரின் பெயர்களும் பொதுப் பதிவில் உள்ளவைதான். இங்கே கணவர், மனைவி, மகந்த் (கோயிலை ஆண்ட துறவித் தலைவர்) என்று மட்டும் குறிப்பிடுகிறேன். படத்தை வாங்கிப் போனவர்களும் அவர்களை அந்த மூன்று வேடங்களாகத்தான் பார்த்தார்கள்.

பின்னணி

தாரகேஸ்வர் சிவன் கோயில் வங்காளத்தின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்று. தீராத நோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் மக்கள் அங்கே போய்க் கிடப்பார்கள். கோயிலையும் அதன் நிலங்களையும் ஆண்டவர் மகந்த். தசநாமி மரபைச் சேர்ந்த துறவி. ஆனால் ஜமீன்தாருக்குரிய செல்வாக்கு, அடியாள் பலம் எல்லாம் உண்டு. அந்தப் பீடத்துக்கு ஏற்கெனவே ஒரு கறை இருந்தது. 1824இல் அப்போதைய மகந்த் ஒரு கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்; தன் ஆசைநாயகியின் காதலனைக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. ஆகவே 1873இல் 'மகந்த் இப்படிச் செய்தார்' என்ற செய்தி வந்தபோது, நம்ப மறுத்தவர்களைவிட 'மறுபடியுமா' என்று கேட்டவர்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

கணவர் கல்கத்தாவில் அரசாங்க அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தவர். மாதச் சம்பளக்காரர், நகரத்தில் தனியாகத் தங்கியிருந்தார். பதினாறு வயது மனைவி தாரகேஸ்வருக்கு அருகே உள்ள கிராமத்தில் தன் தந்தையோடும் சிற்றன்னையோடும் இருந்தாள். பிள்ளை வரத்துக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் மகந்தின் கண்ணில் பட்டாள் என்பது கதையின் தொடக்கம். மருந்தில் மயக்கம் கலந்து கெடுத்தார் என்றார்கள் சிலர். பெற்றவர்களே பணத்துக்கு உடந்தை என்றார்கள் சிலர். அவளாக விரும்பித்தான் போனாள் என்றும் பேச்சு இருந்தது. இந்த மூன்றில் எது உண்மை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள் வழக்கு தொடங்கும் முன்பே இறந்துவிட்டாள். பிறகு வந்த எல்லாவற்றுக்கும் இதுவே முடிச்சு.

1873 மே 27

மே மாதக் கடைசியில் கணவர் ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் ஊர்ப்பேச்சு காதில் விழுந்தது. மனைவியைக் கேட்டார், அவள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், அவரும் மன்னித்து, அவளைக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போய்விட முடிவு செய்தார். மகந்தின் ஆட்கள் வழியை மறித்தார்கள், புறப்பட முடியவில்லை. மே 27 அன்று வீட்டில் மீன் அரியும் அரிவாள்மனையை எடுத்து மனைவியின் கழுத்தை வெட்டினார். பிறகு தானாகவே போலீசிடம் போய்ச் சொல்லிவிட்டு, சீக்கிரம் தூக்கில் போடும்படி கேட்டார்.

மன்னித்தது, அழைத்துப் போக முயன்றது, தடுக்கப்பட்டது, வெட்டியது என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டத்துக்கு இந்த வரிசை ஒரு பொருள் தந்தது; படக்கடைக்கு வேறு பொருள் தந்தது.

நீதிமன்றத்தில் எடுத்த முடிவுகள்

கணவர் மீதான கொலை வழக்கு ஸ்ரீராம்பூரில் ஹூக்ளி செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது. அவருக்காக வாதாடியவர் உமேஷ் சந்திர பானர்ஜி, பின்னாளில் 1885இல் காங்கிரஸின் முதல் தலைவரானவர். கொன்றதை மறுக்க வழியில்லை. ஆகவே சித்தம் கலங்கிய நிலையில் செய்தார் என்று வாதம் வைக்கப்பட்டது. இந்தியர்கள் இருந்த ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அதை ஏற்று விடுவிக்கச் சொன்னது.

நீதிபதி அதை ஏற்கவில்லை. ஜூரியின் முடிவோடு ஒத்துப்போக முடியாவிட்டால் வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும் அதிகாரத்தை 1872ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் செஷன்ஸ் நீதிபதிக்குக் கொடுத்திருந்தது. அவர் கல்கத்தாவுக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் கணவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து ஆயுள் முழுக்கத் தீவாந்தர தண்டனை விதித்தது. தீவாந்தரம் என்றால் அந்தமான்.

சட்டத்தின் கோணத்தில் பார்த்தால் இதில் வியப்பில்லை. திடீர்க் கோபத்தில் செய்த கொலைக்குத் தண்டனைச் சட்டத்தில் சலுகை உண்டு. ஆனால் இங்கே விஷயம் தெரிந்த கணமும் வெட்டிய கணமும் ஒன்றல்ல. நடுவே மன்னிப்பு இருக்கிறது, பயண ஏற்பாடு இருக்கிறது. தானே போலீசிடம் போய்க் கோர்வையாகச் சொன்னவரைச் சித்தம் கலங்கியவர் என்று நிறுவுவதும் எளிதல்ல. ஜூரி வேறு கேள்விக்குப் பதில் சொன்னது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 'இவர் என்ன செய்தார்' என்ற கேள்வி நீதிபதியுடையது. 'இவர் இடத்தில் யார் இருந்தாலும் வேறு என்ன செய்திருப்பார்' என்பது ஜூரியுடையது.

மகந்த் மீதான வழக்கு தனி. பாலியல் வன்முறைக் குற்றம் அதில் இல்லை. தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவின் கீழ், பிறன்மனை கூடிய குற்றம்தான். கணவர் புகார் கொடுக்காமல் அந்த வழக்கு நடக்காது. மனைவியை உடந்தை என்று தண்டிக்கவும் அந்தப் பிரிவில் இடமில்லை. ஆக, சட்டம் அவளைக் குற்றவாளியாகவும் பார்க்கவில்லை, பாதிக்கப்பட்டவளாகவும் பார்க்கவில்லை. இன்னொருவருக்கு உரியது களவு போனதைப்போல, குற்றம் இரண்டு ஆண்களுக்கு இடையே நின்றது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு விதிக்கலாம். மகந்துக்கு மூன்று ஆண்டு கடுங்காவலும் 2000 ரூபாய் அபராதமும் கிடைத்தன.

நீதிமன்றத்துக்கு வெளியே

விசாரணையைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. நாடகக் கொட்டகைக்குப் போவதுபோல ஜனங்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்று அந்நாளைய பத்திரிகை ஒன்று எழுதியது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நுழைவுக் கட்டணம் வைக்கும் அளவுக்குப் போயிற்று. பத்திரிகைகள் அன்றாடம் விசாரணையை வெளியிட்டன. கொட்டகைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கி, நொடித்துப்போகும் நிலையில் இருந்த பெங்கால் தியேட்டரைத் தூக்கி நிறுத்தியதே இந்த வழக்கைப் பற்றிய ஒரு நாடகம்தான். அதைத் தொடர்ந்து டஜன் கணக்கில் நாடகங்களும் பாட்டுப் புத்தகங்களும் வந்தன.

பொதுக்கருத்து ஒரே குரலாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. மகந்தைத் தண்டித்தது சரி என்பதில் பெரும்பாலோருக்கு ஒப்புதல். துறவி வேடத்தில் குடும்பத்தைக் கெடுத்தவன் என்று படித்தவர்களும் பாமரர்களும் சேர்ந்து திட்டினார்கள். கணவருக்குத் தீவாந்தரம் என்றதும்தான் கொந்தளிப்பு. வெள்ளைக்கார நீதிபதிக்கு நம் வீட்டு மானம் என்ன தெரியும் என்ற கேள்வி அதில் கலந்திருந்தது. ஜூரி சொன்னதை நீதிபதி தள்ளிவைத்தது அந்தக் கேள்விக்கு நெய் வார்த்தது. மனைவியைப் பற்றி மட்டும் கடைசிவரை இரண்டு கருத்து: ஏமாந்த சிறுமியா, கெட்டுப்போனவளா?

படக்காரர்கள் எடுத்த முடிவுகள்

இரண்டு வகைப் படங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதல் வகை காளிகாட் படங்கள். கல்கத்தாவின் காளி கோயிலைச் சுற்றியிருந்த கடைகளில் பட்டுவா எனப்பட்ட படக்காரர்கள் தூரிகையால் வரைந்தவை. ஆலையில் செய்த மலிவான காகிதம், நீர்வண்ணம். வீட்டில் ஒருவர் கோடு இழுப்பார், இன்னொருவர் வண்ணம் நிரப்புவார். ஒரே படம் நூற்றுக்கணக்கில் வரும். யாத்திரை வந்தவர்கள் சில காசு கொடுத்து வாங்கிச் சுருட்டிக்கொண்டு போவார்கள். இரண்டாம் வகை வடகல்கத்தாவின் பட்தலா வட்டாரத்தில் மரச்செதுக்குக் கட்டையில் அச்சான தாள்கள். இவை காளிகாட் படங்களையே பார்த்துச் செதுக்கி, அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியவை. கட்டை எழுத்தச்சின் உயரமே இருப்பதால் படத்தையும் பாட்டையும் ஒரே ஓட்டத்தில் அடிக்க முடியும். பாட்டுப் புத்தகங்களின் படங்கள் அப்படி வந்தவைதான். தமிழில் கொலை வழக்கைப் பாட்டாக்கிய கொலைச் சிந்துகளை மலிவாக விற்ற குஜிலிக் கடைகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தையை விளக்க வேண்டியதில்லை.

படக்காரர்கள் வழக்கைத் தனித்தனிக் காட்சிகளாகப் பிரித்தார்கள். மனைவி மகந்தைச் சந்திப்பது, மகந்த் நாற்காலியில் அமர்ந்து ஹூக்கா இழுக்க அவள் வெற்றிலை நீட்டுவது, கணவரின் காலில் விழுவது, அரிவாள்மனை ஓங்கியது, வெட்டி முடிந்தது, நீதிமன்றம், மகந்த் சிறையில். ஒவ்வொன்றும் தனித் தாள். வேண்டியதை மட்டும் வாங்கலாம்.

இந்தப் பிரிப்பே ஒரு தீர்ப்பு என்பது என் கருத்து. சில படங்களைக் கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும்.

வெற்றிலைக் காட்சியில் வன்முறையின் சாயலே இல்லை. அவள் நன்றாக உடுத்தி, நகை அணிந்து, நிமிர்ந்து நிற்கிறாள். மகந்த் ஒரு துறவியைப்போலவே இல்லை. பாபு எனப்பட்ட கல்கத்தாவின் பணக்கார உல்லாசக்காரர் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அதே தோரணை. காளிகாட்டில் பாபுவும் தாசியும் என்ற படம் ஏற்கெனவே நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கு. அந்த அச்சிலேயே இந்தக் காட்சியையும் வார்த்துவிட்டார்கள். புதிதாக வரைய நேரமும் இல்லை, தேவையும் இல்லை. வாங்குபவருக்கும் உடனே புரியும். ஆனால் அந்தச் சுருக்குவழியால் ஒன்று நடந்துவிட்டது. 'மருந்து கொடுத்து மயக்கினார்' என்ற கூற்றுக்கு அந்தத் தாளில் இடமே இல்லாமல் போயிற்று. பார்ப்பவர் கண்ணுக்கு அவள் தாசியின் இடத்தில் நிற்கிறாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. கைப்பழக்கம் செய்த வேலை.

வெட்டும் காட்சியில் கணவர் கரைபோட்ட வேட்டியும் வாரிவிட்ட முடியுமாக, மரியாதையான நகரத்து இளைஞராக இருக்கிறார். முகத்தில் வெறி இல்லை. காளிகாட் படங்களில் எந்த முகத்திலும் உணர்ச்சி பெரிதாகத் தெரியாது. அகன்ற கண், அமைதியான உதடு, அவ்வளவுதான். காளி வெட்டினாலும் அதே முகம், கணவர் வெட்டினாலும் அதே முகம். சித்தம் கலங்கியவர் என்று வக்கீல் வாதாடிய மனிதர் படத்தில் நிதானமாக, ஏதோ கடமையைச் செய்வதுபோல நிற்கிறார். வக்கீலின் வாதத்தைப் படம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதைவிட வலுவான ஒன்றை அது சொன்னது: தண்டிக்க உரிமையுள்ளவன் தண்டித்தான். ரத்தம் மட்டும் பளிச்சென்ற சிவப்பு.

நீதிமன்றக் காட்சியில் வெள்ளைக்கார நீதிபதி மேசைக்குப் பின்னால். போலீஸ்காரர், வக்கீல், கைதி என்று ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஜூரி விடுவிக்கச் சொன்னதையோ நீதிபதி மறுத்ததையோ ஒரு தாளில் காட்ட வழியில்லை. அது நடைமுறைச் சிக்கல், காட்சியாக மாறாது. ஆகவே வழக்கின் மிகப் பெரிய சண்டை படங்களில் காணோம்.

செக்குப் படம்

நன்றாக விற்றிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது சிறைக் காட்சிகளை. பல கைகளில் பல வடிவங்களில் அவை கிடைப்பதே அதற்குச் சான்று. ஒன்றில் மகந்த் சிறைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். இன்னொன்றில் செக்குச் சுற்றுகிறார், பக்கத்தில் காவலர் நிற்கிறார். யானையும் பல்லக்குமாக வலம் வந்தவர் மாட்டின் இடத்தில் நிற்பதைப் பார்க்க மக்களுக்கு அலுக்கவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு செக்கு நினைவுக்கு வரும். 1908இல் தண்டனை பெற்ற வ.உ.சி. கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்த செக்கு. அதே சிறைத் தண்டனை, அதே செக்கு வேலை. அங்கே அது தியாகத்தின் சின்னமாயிற்று, இங்கே கேலியின் சின்னம். கருவி எதையும் சொல்வதில்லை, யாரை அதில் பூட்டினார்கள் என்பதை வைத்தே மக்கள் அர்த்தம் செய்துகொண்டார்கள்.

செக்குப் படத்தின் செல்வாக்குக்கு இன்னொரு அடையாளம் உண்டு. மகந்த் சிறையில் ஆட்டிய எண்ணெயில் செய்தது என்று விளம்பரம் செய்து தலைவலித் தைலம் விற்றார்கள். மனைவியின் பெயர் பொறித்த புடவை, வெற்றிலைப் பெட்டி, மீன் அரியும் கத்தி எல்லாம் கடைக்கு வந்தன. 1890களில்கூட இவை புழக்கத்தில் இருந்தன. கொல்லப்பட்டவளின் பெயரைப் புடவைக்கும், அவளைக் கொன்ற கருவியின் ஜாதியைச் சேர்ந்த கத்திக்கும் வைத்து விற்ற சந்தையைப் பற்றி என்ன சொல்வது! கசப்பாக இருக்கிறது, ஆனால் வாங்கியவர்கள் அதில் எந்த முரணையும் கண்டதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக, தீவாந்தரத்துக்குப் போகும் கணவரின் படம் எனக்குத் தெரிந்த தொகுப்புகளில் கண்ணில் பட்டதில்லை. தண்டனை பெற்றவர் இருவர், அதில் கொலைகாரர் ஒருவர். படத்தில் சிறைக்குப் போனவரோ மகந்த் மட்டும். கதையை எந்த இடத்தில் முடிப்பது என்பதைப் படக்காரர்கள் முடிவு செய்தார்கள். மகந்தின் செக்கில் முடித்தபோது கணவரின் கணக்கு தானாகவே தீர்ந்துபோயிற்று.

மனுவும் விடுதலையும்

கணவரை விடுவிக்கக் கோரி அரசாங்கத்துக்கு மனுக்கள் குவிந்தன. ஜமீன்தார்கள், நகரப் பிரமுகர்கள், சாதாரணச் சம்பளக்காரர்கள் எல்லாரும் அதில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் கையெழுத்திட்ட மனுவும் ஒன்று. 1875இல் அவர் விடுதலையானார். ஆயுள் தண்டனை இரண்டு ஆண்டில் முடிந்தது. மகந்த் மூன்று ஆண்டுத் தண்டனை பெற்றவர் என்பதால், கொன்றவரைவிட அவர் மீதான தண்டனை கூடுதல் நாள் நின்றது என்ற விசித்திரமும் இதில் உண்டு.

மகந்த் தண்டனை முடிந்து திரும்பியபின் பீடத்தையும் மீட்டுக்கொண்டார். கோயில் நிர்வாகத்தில் அடிப்படை மாற்றம் எதுவும் அப்போது வரவில்லை. மக்கள் மகந்த் என்ற ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள், மகந்த் பதவியின் அதிகாரம் அப்படியே இருந்தது. அந்த அதிகாரத்தை நேரடியாக எதிர்த்த தாரகேஸ்வர் சத்தியாக்கிரகம் நடந்தது 1924இல், வங்காள அரசியல் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் ஆதரவோடு, வேறொரு மகந்துக்கு எதிராக.

படங்கள் எவ்வளவு தூரம் காரணம்?

படங்கள் மக்களைக் கிளப்பின, மக்கள் மனுப் போட்டார்கள், கணவர் விடுதலையானார் என்று ஒரே கோட்டில் எழுதிவிடுவது சுலபம். தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. காளிகாட் படங்களில் ஓவியரின் கையொப்பமோ ஆண்டோ பெரும்பாலும் இருக்காது. அருங்காட்சியகப் பட்டியல்களில் 'சுமார் 1875', 'சுமார் 1880', 'சுமார் 1890' என்று காகிதத்தையும் பாணியையும் பார்த்து மதிப்பிட்டுப் போட்டிருப்பார்கள். அந்த மதிப்பீடு சரியென்றால் இன்று கையில் உள்ள பலவும் விடுதலைக்குப் பிறகு வரைந்தவை. ஆறிப்போன வழக்கின் படத்தை யாரும் மனுவுக்காக வாங்க மாட்டார்கள்.

1873–75இன் கொந்தளிப்புக்கு முதன்மைக் காரணங்களாக நான் வைப்பது ஜூரிக்கும் நீதிபதிக்கும் நடந்த மோதல், அதைத் தினமும் சொன்ன பத்திரிகைகள், கொட்டகை நிறைத்த நாடகங்கள். படங்கள் அப்போதே விற்கத் தொடங்கியிருக்கும். எழுத்தறியாத யாத்ரீகர்களுக்கு வழக்கைக் கொண்டுபோனவையும் அவைதான். ஆனால் மனுவில் கையெழுத்திடும் நிலையில் இருந்தவர்கள் பத்திரிகை படிக்கிறவர்கள். படத்துக்கும் விடுதலைக்கும் நேர்க்கோடு போட இது போதாது.

படங்களின் வேலை அதற்குப் பிறகுதான் முழு வீச்சில் தெரிகிறது. பத்திரிகை மறுநாள் பழசாகிவிடும், நாடகம் மாறிவிடும். சுவரில் ஒட்டிய தாள் பல ஆண்டு தொங்கும். நீதிமன்றத் தீர்ப்பை அறியாத அடுத்த தலைமுறைக்கு வழக்கு என்றால் வெற்றிலை, அரிவாள்மனை, செக்கு என்ற மூன்று காட்சிகள்தான். 'சட்டப்படி கணவர் கொலைக்குற்றவாளி' என்ற செய்தி அந்த மூன்றில் எதிலும் இல்லை. ஆகவே படங்கள் கருத்தை உண்டாக்கின என்பதைவிட, உண்டான கருத்தைக் கெட்டிப்படுத்தி, மாற்றுக் கருத்துகளை மெல்ல அழித்தன என்று சொல்வதே வழக்கின் ஆதாரங்களுக்குப் பொருந்துகிறது. மனைவியின் விஷயத்தில் இந்த அழிப்பு அதிகம். மயக்க மருந்து, பெற்றோரின் பங்கு, மகந்தின் அடியாட்கள் வழிமறித்தது ஆகிய மூன்றும் அவளுக்குச் சாதகமான செய்திகள். மூன்றுமே கதையாகச் சொல்ல எளியவை, ஒரு தாளில் இரண்டு மூன்று உருவங்களாக வரையக் கடினமானவை.

பின்னர் படங்களுக்கு என்ன ஆயிற்று

ஜெர்மனியிலிருந்து வந்த வண்ண அச்சுகளும் கல்லச்சுப் படங்களும் மலிந்ததும் காளிகாட் தொழில் நசிந்தது. ஆனால் அதற்குள் ஐரோப்பியர் பலர் வாங்கிச் சேர்த்திருந்தார்கள். லாக்வுட் கிப்ளிங் சேர்த்து வைத்த காளிகாட் படங்களை அவர் மகன், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1917இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அந்த அருங்காட்சியகத்தின் தொகுப்பு இன்று உலகில் பெரியவற்றுள் ஒன்று. தாரகேஸ்வர் காட்சிகளும் அதில் உண்டு. சில காசுக்கு விற்ற தாள் கலைப்பொருளாகிவிட்டது. சட்டத்தின் பக்கம், 497ஆம் பிரிவு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் உயிரோடு இருந்து, 2018இல்தான் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. மனைவி கணவரின் உடைமை என்ற எண்ணமே அந்தப் பிரிவின் அடிப்படை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இத்தகைய படங்களைக் கையாளும்போது மாற்ற வேண்டியவை

முதலில் தேதி. குற்ற வழக்கின் படம் ஒன்று கையில் கிடைத்தால், தீர்ப்புக்கு முன்னா, பின்னா, தண்டனை முடிந்த பின்னா என்று கேட்காமல் 'பொதுக்கருத்தை உருவாக்கியது' என்ற வரியை எழுதக் கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்றே குறிப்பில் போடலாம்.

அடுத்தது, எது வரையப்படவில்லை என்ற பட்டியல். இதற்கு வழக்கின் நீதிமன்றப் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவில் இருந்து படத்தில் இல்லாதவை எவை என்று ஒவ்வொன்றாகக் குறித்தால் படக்காரரின் முடிவுகள் வெளியே வரும். தாரகேஸ்வர் வழக்கில் ஜூரியும், பெற்றோரும், அந்தமானும் அந்தப் பட்டியலில் வருகின்றன. படத்தில் இருப்பதை மட்டும் விவரித்துக்கொண்டே போனால் இது பிடிபடாது.

மூன்றாவது, பழைய அச்சைத் தேடுவது. வெற்றிலைக் காட்சி பாபு–தாசி படத்திலிருந்து வந்தது என்று தெரியாதவருக்கு அது சாட்சியம்போலத் தோன்றும். லண்டன் ஒற்றைத்தாள்களிலும் இதே கதைதான். ஒரே தூக்குமேடைக் கட்டை பல குற்றவாளிகளுக்குப் பயன்பட்டது. வழக்குப் படம் என்று பெயர் இருந்தாலும் அதில் அந்த வழக்குக்கே உரிய கோடு எது, கடையில் ஏற்கெனவே இருந்த கோடு எது என்று பிரித்துவிட வேண்டும்.

கண்காட்சியில் வைப்பவர்களுக்கு ஒரு யோசனை. பட்டியல்களில் வெட்டும் காட்சிக்குக் கணவர், மனைவி இருவர் பெயரும் போட்டுக் 'கொலை' என்று தலைப்பு இருக்கிறது. செக்குக் காட்சிக்கு 'மகந்த் சிறையில்' என்று இருக்கிறது. இரண்டையும் அருகருகே மாட்டும்போது கணவர் மீதான உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் 1875 விடுதலையையும் நடுவே இரண்டு வரியில் எழுதி வைக்கலாம். மனைவியின் வயதையும் அந்தக் குறிப்பில் சேர்க்க வேண்டும். படங்களில் அவள் முதிர்ந்த பெண்ணாகத் தெரிகிறாள். பதினாறு என்று யாரும் மதிப்பிட மாட்டார்கள்.